சிறு விமானத்தில் கற்கப்படுவது எது?

மோட்டார் வாகனம் ஓட்டப் பழகுவதும் விமானம் ஓட்டப் பழகுவதும் ஒரே வகைக் கல்வி என்றும், பின்னதில் கருவிகள் சற்று மிகுதி, ஆபத்தும் சற்று மிகுதி என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து சரியன்று. தரையில் நடந்தும் ஓடியும் வளர்ந்த மனித உடலுக்குத் தடுமாறும் வேளையில் கைகொடுக்கும் எதிர்வினைகள் சில இயல்பாகவே அமைந்துள்ளன. கீழே விழப்போவதாகத் தோன்றினால் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும், ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கம் வளைந்து கொடுப்பதும், கண் காணாத இருளில் செவிக்குள் இருக்கும் சமநிலை உணர்வை நம்புவதும் அத்தகையவை. தரையில் இவை பெரும்பாலும் துணை நிற்கின்றன. வானில் இவற்றுள் ஒவ்வொன்றும், அதற்குரிய சூழல் வாய்த்துவிட்டால், உயிரையே குடித்துவிடக் கூடியது. ஆகவே உடல் தானாகச் செய்ய விழைவதை நிறுத்தி, அறிவு சொல்வதைக் கை தயங்காமல் செய்யும்படி பழக்குவதே விமானப் பயிற்சியின் உயிர்நாடி. அதைக் கற்பிக்க, இரண்டு இருக்கைகளும் ஒற்றை எஞ்சினும் கொண்ட சிறு விமானத்தை விஞ்சிய பள்ளி இன்றுவரை அமையவில்லை. இவ்வுரை நிறுவ முயல்வது இதனையே.

பறத்தலின் தொடக்க வரலாறே இதற்குச் சான்று. ஜெர்மானியரான ஓட்டோ லிலியெந்தால், எஞ்சின் இல்லாத கிளைடர்களில் ஏறத்தாழ 2,000 முறை சறுக்கிப் பறந்தவர். இறக்கையின் வடிவம் பற்றி அக்காலத்தில் அவரளவு அறிந்தவர் எவருமிலர். அவர் தம் உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைத்தே கிளைடரைக் கட்டுப்படுத்தினார். 1896 ஆகஸ்ட் 9 அன்று கிளைடரின் மூக்கு மேலெழுந்து, காற்றின் பிடி நழுவி, அது தலைகுப்புற வீழ்ந்தபோது அவருடைய முதுகெலும்பு முறிந்தது, மறுநாள் இறந்தார். இதனைக் கருத்தூன்றிப் படித்த ரைட் சகோதரர்கள், எஞ்சினை விமானத்தில் பொருத்துவதற்கு முன்பே அதனைக் கட்டுப்படுத்தும் வழியைக் கண்டறிய வேண்டும் என்று முடிவு செய்து, 1900 முதல் 1902 வரை கிட்டி ஹாக் மணல்மேடுகளில் கிளைடர்களிலேயே பழகினர். 1903 டிசம்பர் 17 அன்று எஞ்சினுடன் பறந்த 12 வினாடிகளை உலகம் கொண்டாடுகிறது; ஆயினும் அவர்கள் பறக்கக் கற்றது அதற்கு முந்தைய ஆண்டுகளில்தான்.

அப்பயிற்சியின்போது அவர்கள் கண்ட ஒரு விந்தை, இன்றும் ஒவ்வொரு மாணவரின் முதற்சில பாடங்களிலும் மீண்டும் நிகழ்கிறது. வலப்பக்கம் திரும்ப வேண்டி விமானத்தை வலப்பக்கம் சாய்க்கும்போது, மேலெழ வேண்டிய இடது இறக்கையின் தூக்குவிசை கூட்டப்படுகிறது. தூக்குவிசை கூடும் இடத்தில் காற்றின் இழுவையும் கூடுமாதலால், இடது இறக்கை பின்னுக்கு இழுக்கப்பட்டு, விமானத்தின் மூக்கு திரும்ப வேண்டிய திசைக்கு எதிரே, இடப்பக்கமாக விலகுகிறது. இதனை ஈடுகட்டவே ரைட் சகோதரர்கள் 1902-ஆம் ஆண்டுக் கிளைடரில் வாற்பகுதியின் செங்குத்துத் தகடு அசையும்படி செய்தனர். அதுவே இன்றைய ரடர். அதனை இயக்குவது கால்களின் வேலை. கார் ஓட்டிப் பழகிய மாணவர் கையிலுள்ள வளையத்தைத் திருப்பினால் விமானமும் திரும்பிவிடும் என்று எண்ணுகிறார். கை விமானத்தைச் சாய்க்க மட்டுமே செய்கிறது என்பதும், சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையே அதனைத் திருப்புகிறது என்பதும், கால் அத்திருப்பத்தின் பிழையைத் திருத்துகிறது என்பதும் விளங்கிக் கைவரப் பல மணி நேரம் ஆகிறது. மெதுவாகப் பறக்கையில் எஞ்சின் முழு விசையில் இயங்கும்போது மூக்கு இடப்பக்கம் நழுவுவதால், புறப்பட்டு மேலேறும் நேரம் முழுவதும் வலது காலின் அழுத்தம் தேவைப்படுகிறது. பயிற்றுநர் அடிக்கடி சொல்ல நேரும் சொல் ‘ரைட் ரடர்’ (வலது ரடர்) என்பதாகவே இருக்கும்.

இறக்கை விமானத்தைத் தாங்குவது எவ்வாறு என்பதைப் பற்றிப் பள்ளி நூல்கள் சொல்வன மாணவருக்குப் பெரிதும் உதவுவதில்லை. அவர் அறிய வேண்டியது ஒன்றே: எதிர்வரும் காற்றோட்டத்துக்கும் இறக்கையின் முன்-பின் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம். தாக்குகோணம் எனப்படும் இது கூடக்கூடத் தூக்குவிசையும் கூடுகிறது. ஆனால் ஏறத்தாழ 15, 16 பாகை அளவில், இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று அதனை விட்டுப் பிரிந்து குழம்பிவிட, தூக்குவிசை திடீரெனக் குறைகிறது. இந்நிலையே ஸ்டால். எஞ்சின் நின்றுபோவது ஸ்டால் அன்று; எஞ்சின் முழங்கிக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகலாம். வேகம் குறைந்தால்தான் ஸ்டால் வரும் என்பதும் அரைகுறை உண்மையே, ஏனெனில் அந்த எல்லைக் கோணத்தைத் தாண்டும் இறக்கை எந்த வேகத்திலும் தூக்குவிசையை இழக்கும். வோல்ஃப்காங் லாங்கவீஷ 1944-இல் வெளியிட்ட ‘ஸ்டிக் அண்ட் ரடர்’ என்னும் நூல் இந்தத் தாக்குகோணத்தையே மையமாக வைத்து எழுதப்பட்டது. எண்பது ஆண்டுகள் கடந்தும் மாணவர் கைகளில் அது புழங்குவதற்கு, பறத்தலின் எல்லாச் சிக்கல்களையும் அந்த ஒரு கருத்தோடு பிணைத்துக் காட்டியதே காரணம்.

பயிற்சியில் ஸ்டால் வேண்டுமென்றே வரவழைக்கப்படுகிறது. உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 152 என்னும் இரட்டை இருக்கை விமானத்தில், தரையிலிருந்து போதிய உயரத்துக்குச் சென்று, கீழும் சுற்றும் வேறு விமானங்கள் இல்லை என்று பார்த்து உறுதி செய்தபின், எஞ்சின் விசை முழுவதும் குறைக்கப்படுகிறது. உயரம் குறையாமல் காக்க மாணவர் கட்டுப்பாட்டு வளையத்தைத் தம்மை நோக்கிச் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டே வர, மூக்கு உயர்ந்து தொடுவானத்தை மறைக்கிறது, வேகம் 60, 50, 45 நாட் என இறங்குகிறது (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்). காற்றின் இரைச்சல் அடங்குகிறது. இறுக்கமாக இருந்த வளையம் கையில் தளர்ந்துபோகிறது. இடது இறக்கையின் முன்விளிம்பிலுள்ள சிறு துளையில் காற்று உறிஞ்சப்பட்டு ஊதல் ஒன்று முனகத் தொடங்கி, வேகம் இன்னும் குறையக்குறைய அதன் ஒலி உயர்கிறது. பின் விமானத்தின் உடல் அதிர்கிறது. மூக்கு தானாகவே கீழே சரிகிறது.

அந்தக் கணத்தில் மாணவரின் கண்முன் வானம் போய்த் தரை வந்து நிற்கிறது. உடல் சொல்வது, மூக்கை மேலே இழு என்பதே. அவ்வாறு இழுத்தால் தாக்குகோணம் மேலும் கூடி ஸ்டால் ஆழமாகும். விமானம் மூக்கை நிமிர்த்திக்கொண்டே கீழே அமிழும். செய்ய வேண்டியது, தரையை நோக்கியிருக்கும் மூக்கைப் பின்னும் சற்றுத் தரையை நோக்கியே தள்ளுவது. கோணம் குறைந்தவுடன் காற்று மீண்டும் இறக்கையைத் தழுவ, முழு விசை கொடுத்து, மெல்ல நிமிர்த்தலாம். மேலும், ஸ்டாலின்போது இரு இறக்கைகளும் எப்போதும் ஒரே நேரத்தில் பிடி இழப்பதில்லை. ஒன்று முந்திக்கொண்டு சரியலாம். சரிந்ததை நிமிர்த்த, கை தானாகவே வளையத்தை எதிர்ப்பக்கம் திருப்ப விழைகிறது. அப்படித் திருப்பினால், இறக்கை நுனியிலுள்ள ஏலரான் என்னும் தகடு கீழிறங்கி, ஏற்கெனவே எல்லை மீறிய அந்த இறக்கையின் தாக்குகோணத்தை இன்னும் கூட்டிவிடுவதால், அது மேலும் சரிந்து விமானத்தைச் சுழலவைக்கக்கூடும். எதிர்ப்பக்கக் கால் மட்டுமே இங்கு பாதுகாப்பானது. ஒரே பாடத்தில், ஒரே வினாடியில், இயல்பாக எழும் இரு எதிர்வினைகளும் பிழையாகிவிடுகின்றன. இத்துணைச் செறிவான பாடம் வேறு எக்கலையிலேனும் உண்டா என்பது ஐயமே.

சுழன்றபடி வீழும் அந்நிலை ஸ்பின் எனப்படும். பறத்தலின் முதற்பத்தாண்டில் ஸ்பின் என்றால் சாவு என்றே பொருள். 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் ஆவ்ரோ விமானம் ஒன்றில் ஸ்பின்னில் சிக்கிய வில்ஃப்ரட் பார்க் என்னும் கடற்படை அதிகாரி, தாம் அறிந்த வழிகள் யாவும் பலனளிக்காத நிலையில், சுழற்சிக்கு எதிர்த்திசையில் ரடரை முழுவதும் மிதிக்க, தரைக்கு மிக அருகில் விமானம் நிமிர்ந்தது. அவர் உயிர் பிழைத்ததைவிட, தாம் செய்ததை வரிசையாக நினைவுகூர்ந்து பிறருக்குச் சொல்ல முடிந்ததே அந்நிகழ்வின் சிறப்பு. அதன்பின் முதல் உலகப்போரின் நடுவில், ஃபார்ன்பரோவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஃபிரெடெரிக் லிண்டெமன் தாமே பறக்கக் கற்று, விமானத்தை மீண்டும் மீண்டும் ஸ்பின்னில் செலுத்தி, அளவுகளைக் குறித்துவைத்து அதன் இயக்கத்தை விளக்கினார். இன்று மீட்பு முறை நன்கு வரையறுக்கப்பட்டது: எஞ்சின் விசையைக் குறைத்து, ஏலரான்களை நடுநிலையில் வைத்து, சுழற்சிக்கு எதிரான ரடரை முழுவதும் மிதித்து, வளையத்தை முன்னே தள்ளி, சுழற்சி நின்றவுடன் ரடரை நடுநிலைக்குக் கொணர்ந்து, பாய்ச்சலிலிருந்து மெல்ல மேலெழ வேண்டும்.

ஆயினும் அறிவு பிறந்ததாலேயே அது வகுப்பறைக்கு வந்துவிடவில்லை. போர்க்காலப் பிரிட்டனில் விமானப் பயிற்சி அளித்தவர்களுள் பலர், போர்முனையில் களைத்து ஓய்வுக்கு அனுப்பப்பட்டவர்கள். கற்பிக்கும் முறை அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டதில்லை. ஆபத்தான இயக்கங்களை மாணவர் நெருங்கக்கூடாது என்பதே அவர்கள் அறிந்த பாதுகாப்பு. போர்முனையை எட்டாமலே பயிற்சிக் களங்களில் இளைஞர் மாண்டது அன்றாட நிகழ்வாயிற்று. இந்நிலையை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. மேலிடத்துக்கு இடைவிடாது எழுதி வற்புறுத்தி, 1917-இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள காஸ்போர்ட்டில் அவர் அமைத்த பள்ளி, மாணவரைவிடப் பயிற்றுநரையே முதலில் பயிற்றுவித்தது. இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட ஆவ்ரோ 504 விமானத்தில், எஞ்சின் இரைச்சலையும் மீறிப் பயிற்றுநரின் குரல் மாணவரின் செவியை எட்ட ஒரு ரப்பர்க் குழாய் பொருத்தப்பட்டது. காஸ்போர்ட் குழாய் என்றே அது பெயர்பெற்றது. மாணவர் ஸ்டாலையும் ஸ்பின்னையும் பயிற்றுநர் உடனிருக்கவே சந்தித்து, காரணம் அறிந்து, தம் கையாலேயே மீண்டு வரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆபத்தை மறைப்பது பாதுகாப்பாகாது, அதனைப் போதிய உயரத்தில் அறிமுகம் செய்துவைப்பதே பாதுகாப்பு என்ற இக்கருத்து, ஒரு நூற்றாண்டு கழித்தும் எல்லா நாட்டுப் பயிற்சித் திட்டங்களிலும் அடித்தளமாக இருக்கிறது.

இக்கொள்கைக்குப் பின்னாளில் ஒரு விலக்கு நேர்ந்தது. 1949-இல் அமெரிக்க அரசு, தனியார் உரிமம் பெறுவோருக்கு ஸ்பின் பயிற்சி கட்டாயம் என்ற விதியை நீக்கி, பயிற்றுநராக விழைவோருக்கு மட்டும் அதனை நிலைநிறுத்தியது. ஸ்பின்னுக்கு வழிவிடும் ஸ்டாலை அடையாளம் காணவும் தவிர்க்கவும் கற்பித்தால் போதும் என்பதும், ஸ்பின் பயிற்சியிலேயே உயிர்கள் போகின்றன என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்கள். இவை புறந்தள்ளத் தக்கவை அல்ல. விபத்தாக நேரும் ஸ்பின்களில் பெரும்பாலானவை, மீளும் முறை தெரிந்திருந்தாலும் மீள இடமில்லாத தாழ்ந்த உயரத்தில் நேர்பவை. ஆயினும், அதற்கென அனுமதிக்கப்பட்ட விமானத்தில், தேர்ந்த பயிற்றுநருடன், ஒரு முறையேனும் ஸ்பின்னைச் சந்தித்த மாணவருக்கும் அதனைப் படத்தில் மட்டும் கண்ட மாணவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. முன்னவர் தாழ்வான உயரத்தில் விமானத்தைச் சாய்க்கும்போது காட்டும் எச்சரிக்கை ஏட்டுப் படிப்பால் வருவதன்று.

அத்தாழ்ந்த உயர விபத்து எங்கே நேர்கிறது என்பதையும் விளக்க வேண்டும். இறங்கவரும் விமானம் ஓடுபாதையைச் சுற்றி ஒரு செவ்வகப் பாதையில், பொதுவாக 1,000 அடி உயரத்தில் பறக்கிறது. சர்க்யூட் எனப்படும் இப்பாதையின் கடைசித் திருப்பம் விமானத்தை ஓடுபாதையின் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருகிறது. காற்று பின்னிருந்து தள்ளினாலோ திருப்பம் தாமதமானாலோ விமானம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். சாய்வைக் கூட்டத் தயங்கும் மாணவர், மூக்கை மட்டும் திருப்பிவிட ரடரை மிதிக்கிறார். அதனால் கூடும் சாய்வைக் கையால் எதிர்த்துப் பிடிக்கிறார். மூக்கு தாழ்வதைக் கண்டு வளையத்தை இழுக்கிறார். ஸ்பின்னை வேண்டுமென்றே வரவழைக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறிவிடுகின்றன. சாய்வைக் கூட்டினாலும் எச்சரிக்கை வேண்டும்: 45 பாகைச் சாய்வில் உயரம் குறையாமல் திரும்பும் விமானத்தின் ஸ்டால் வேகம் 19 விழுக்காடு கூடுகிறது, 60 பாகையில், இறக்கை இரு மடங்கு எடையைத் தாங்குவதால், 41 விழுக்காடு கூடுகிறது.

பெரிய விமானங்களில் தானியங்கிக் கருவிகள் இருப்பதால் இப்பாடங்கள் தொடக்கநிலை மாணவருக்கே உரியவை என்று எண்ண இடமில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே இறங்கவந்த கோல்கன் நிறுவனத்தின் 3407-ஆம் எண் விமானத்தில், ஸ்டால் நெருங்குவதை உணர்த்தக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது, தலைமை விமானி அதனை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்தார்; தரையிலிருந்த ஒருவருடன் 50 பேர் இறந்தனர். அதே ஆண்டு ஜூன் 1 அன்று, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் பறந்த ஏர் ஃபிரான்ஸ் 447 விமானத்தில், வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பீட்டோ குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட, தானியங்கி விலகிக்கொண்டது. விமானம் ஏறத்தாழ 38,000 அடி வரை ஏறி ஸ்டால் ஆயிற்று. அட்லாண்டிக் கடலில் வீழும்வரை பெரும்பாலான நேரம் அதற்கு மூக்கை உயர்த்தும் கட்டளையே கொடுக்கப்பட்டது. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இவ்விமானிகள் யாவரும் முறைப்படி உரிமம் பெற்றவர்கள். சிறு விமானத்தில் ஸ்டால் பயிற்சி செய்தவர்கள். கற்றது ஒருமுறை கைவந்தால் எந்நாளும் நிலைக்கும் என்பது பொய் என்பதையும், ஆண்டுகள் கழிய உடலின் பழைய எதிர்வினை தலைதூக்கக் காத்திருக்கிறது என்பதையும் இவ்விரு விபத்துகள் காட்டுகின்றன. இவற்றுக்குப் பின்னரே, நிலைகுலைந்த விமானத்தை மீட்கும் பயிற்சி பெரிய விமான நிறுவனங்களின் பாடத்திட்டத்தில் அழுத்தமாக இடம்பெற்றது.

உடலின் இன்னொரு பொய், மேகத்துக்குள் வெளிப்படுகிறது. செவியின் உட்பகுதியிலுள்ள அரைவட்டக் குழல்களில் நீர் அசைவதைக் கொண்டு உடல் தன் சுழற்சியை உணர்கிறது. ஒரே சீராகத் தொடரும் திருப்பத்தில் அந்நீர் குழலோடு சேர்ந்து அசையத் தொடங்கியவுடன் உணர்வு நின்றுவிடுகிறது. தொடுவானம் தெரியும்வரை கண் இதனைத் திருத்திவிடும். மேகத்தில் புகுந்தவுடன், சாய்ந்து திரும்பும் விமானம் நேராகப் பறப்பதாகத் தோன்றும். கருவியைப் பார்த்து நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேர், வெளியே எதுவும் தெரியாதபடி அமைக்கப்பட்ட சூழலில் விமானத்தைச் செலுத்தினர். ஒருவர் தவறாமல் அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர், அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 வினாடிகள். 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில், மூடிய காக்பிட்டிலிருந்து கருவிகளை மட்டுமே பார்த்துப் புறப்பட்டுச் சுற்றி வந்து இறங்கியது, செவியை நம்பாத பறத்தல் இயலும் என்பதை நிறுவிற்று. அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில், பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கன் இசைக்கருவியின் துருத்திகளைக் கொண்டே தரையில் அசையும் பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். இன்றைய சிமுலேட்டர்களுக்கு அதுவே முன்னோடி.

இறங்குதல் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மாணவரின் பொறுமையை அதிகம் சோதிப்பது இதுதான். ஓடுபாதையை நோக்கி வரும் விமானம் தாழ்ந்துவிட்டதாகத் தோன்றினால் மூக்கை உயர்த்த மனம் தூண்டும். மூக்கை உயர்த்தினால் வேகம் குறைந்து, இழுவை கூடி, விமானம் முன்னிலும் விரைவாகத் தாழும். இந்நிலையில் உயரத்தை எஞ்சின் விசையும் வேகத்தை மூக்கின் நிலையும் ஆள்கின்றன. கண்ணாடியில் ஓடுபாதையின் முனை அசையாமல் ஒரே இடத்தில் நின்று, அளவில் மட்டும் பெருத்து வந்தால், விமானம் அந்த இடத்தையே நோக்கி வருகிறது. அது கண்ணாடியில் மேலேறினால் விமானம் முன்னதாகவே தரையைத் தொடும், கீழிறங்கினால் தாண்டிச் செல்லும். தரைக்குச் சுமார் 20 அடி உயரத்தில் மாணவர் தம் பார்வையை அருகிலிருந்து விலக்கி ஓடுபாதையின் மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். அருகே விரைந்தோடும் தரையையே பார்த்தால் உயரம் பிடிபடாது. விசை குறைக்கப்பட்ட விமானம் அமிழ முற்பட, அமிழும் அளவுக்கு மட்டும் வளையம் இழுக்கப்படுகிறது. அதிகம் இழுத்தால் விமானம் மேலே மிதந்து எழும். உடனே அச்சத்தில் முன்னே தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதி, விமானம் துள்ளி, ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாகி, மூன்றாவது மோதலில் புரொபெல்லர் தரையைத் தொடும். மிதந்தெழுந்த விமானத்தைத் தள்ளாமல், வளையத்தை அப்படியே நிறுத்தி, சிறிது விசை கொடுத்துக் காத்திருப்பதே சரி. ஒன்றும் செய்யாமல் ஒரு வினாடி காத்திருப்பது எவ்வளவு கடினமானது என்பது அங்குதான் மாணவருக்குத் தெரியவருகிறது.

இந்தியாவில் இக்கல்விக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. வெயில் அவற்றுள் முதன்மையானது. கருவிகளும் செயல்திறன் அட்டவணைகளும் கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் என்ற திட்ட அளவை வைத்துக் கணிக்கப்பட்டவை. வெப்பம் கூடினால் காற்று மெலிகிறது. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் புரொபெல்லருக்கும் ஒருசேர இழப்பு. பெங்களூருவின் ஜக்கூர் விமானத்தளம் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தின் திட்ட வெப்பநிலை 9 பாகை. கோடையில் 35 பாகை இருந்தால், ஒவ்வொரு பாகை மிகுதிக்கும் சுமார் 120 அடி கூட்டும் கணக்கின்படி, விமானம் தான் 6,000 அடிக்கு மேல் இருப்பதாகவே நடந்துகொள்ளும். ஓடுபாதையில் அது ஓடும் தொலைவு நீள்கிறது. மேலேறும் விரைவு குறைகிறது. கடற்கரைத் தளங்களில் ஈரம் வேறொரு தொல்லை தருகிறது. பழைய எஞ்சின்களின் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் உறிஞ்சப்படுவதால், வெளியே 25 பாகை வெப்பம் இருக்கும் நாளிலும், விசை குறைத்து இறங்கும் வேளையில் உள்ளே பனிக்கட்டி படிந்து காற்றுவழியை அடைக்கலாம். எஞ்சின் சூட்டில் காய்ந்த காற்றை உள்ளே விடும் கார்ப் ஹீட் என்னும் குமிழை இறங்கத் தொடங்கும்முன் இழுத்துவிடுவது, சென்னை வெயிலில் வியர்த்திருக்கும் மாணவருக்குப் பொருளற்றதாகத் தோன்றலாம். அந்தத் தோற்றமே ஏமாற்றுவது.

காற்றிலுள்ள இந்த ஈரமே எரிபொருள் தொட்டிக்குள்ளும் நீராகப் படிகிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் முதற்பறப்புக்குமுன், தொட்டியின் அடியிலிருந்து சிறு கண்ணாடிக் குப்பியில் எரிபொருள் இறக்கிப் பார்க்கப்படுகிறது. விமானப் பெட்ரோல் இளநீல நிறமுடையது; நீர் அதனினும் கனமானது என்பதால் குப்பியின் அடியில் நிறமற்ற குமிழாகப் பிரிந்து நிற்கும். குப்பி முழுவதும் ஒரே திரவமாகத் தெளிந்திருந்தால் நீர் இல்லை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. முழுவதுமே நீராக இருக்கலாம். நிறத்தைப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தே உறுதி செய்வது வழக்கம்.

இந்நாட்டில் சிறு விமானப் பயிற்சி, 1920-களின் இறுதியில் ஃபிளையிங் கிளப்புகளோடு தொடங்கிற்று. 1925-இல் முதலில் பறந்த டி ஹாவிலண்ட் மோத் என்னும் எளிய இரட்டை இருக்கை விமானம் அவற்றை இயலச் செய்தது. பம்பாயில் பயின்ற ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10 அன்று பெற்றது, இங்கு வழங்கப்பட்ட உரிமங்களுள் முதலாம் எண். மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பும் அக்காலத்தில் எழுந்ததே. அக்கிளப்பில் பயிற்றுநராயிருந்த வி. சுந்தரத்தின் மனைவி உஷா சுந்தரம், ஜக்கூரிலிருந்த அரசுப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேர்ச்சி பெற்று, 1951-இல் கணவருடன் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். 1958-இல் முதலில் பறந்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் புஷ்பக் நெடுங்காலம் கிளப்புகளின் விமானமாக இருந்தது. இன்று பயிற்சித் தளங்களில் செஸ்னாக்களும் டைமண்டுகளுமே பெரும்பாலும் காணப்படுகின்றன. உள்நாட்டிலேயே பயிற்சி விமானம் செய்த அந்த மரபு தளர்ந்தது வருந்தத் தக்கது.

இன்றைய விதிப்படி 16 வயது நிறைந்தவர் மாணவர் உரிமம் பெறலாம்; தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும், தொழில்முறை உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும்; அந்த 200-இல் 100 மணி நேரம் தாமே பொறுப்பு விமானியாகப் பறந்ததாக இருக்க வேண்டும். இந்த நூறு மணி நேரத்தை வெறும் எண்ணாகக் கருதி, பழகிய வானில் வட்டமிட்டு நிரப்புவோர் உண்டு. விதி கேட்பது எண்ணையல்ல, தனியே எடுத்த முடிவுகளை. அவற்றுக்கு மணிக்கணக்கு ஓர் அளவுகோல் மட்டுமே.

அந்தத் தனிமை முதன்முதலாக வாய்ப்பது சோலோ எனப்படும் தனிப்பறப்பில். அதற்கான நாளை மாணவர் குறிப்பதில்லை, விதியும் குறிப்பதில்லை. பயிற்றுநர் ஒருவரே குறிக்கிறார். ஓடுபாதையின் ஓரத்தில் விமானத்தை நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே அவர் இறங்கிக்கொள்ள, ஓர் ஆளின் எடை குறைந்த விமானம் மாணவர் எதிர்பாராத விரைவில் மேலெழுகிறது. எதைக் கண்டு பயிற்றுநர் அம்முடிவுக்கு வரவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தொடர்ந்து சில இறக்கங்கள் நன்றாக அமைந்தால் போதும் என்பது பரவலான வழக்கம். அது போதாது. நல்ல இறக்கங்கள் நல்ல வானிலையாலும் அமையலாம். மாணவர் தம் இறக்கம் கெடுவதைத் தாமே கண்டு, பயிற்றுநர் வாய்திறக்குமுன், அதனைக் கைவிட்டு மீண்டும் மேலேறியதைப் பார்த்த பிறகே அவரைத் தனியே விடவேண்டும் என்பதே இவ்வுரையின் கொள்கை. ஏனெனில் தரை நெருங்க நெருங்க, எப்படியாவது இறங்கிவிட வேண்டும் என்ற விழைவே மேலோங்கும். அதனை வெல்வது மேற்சொன்ன எதிர்வினைகள் எல்லாவற்றையும் வெல்வதைவிடக் கடினம். கையின் வேலை அங்கே எளியது: முழு விசை கொடுத்து, கார்ப் ஹீட்டை அணைத்து, எழத் துடிக்கும் மூக்கை அளவோடு அடக்கிப் பிடித்து, வேகம் சேர்ந்தபின் ஃபிளாப் என்னும் இறக்கைத் தகடுகளை ஒரேயடியாக இல்லாமல் படிப்படியாக மடக்கி, வலது காலை மறவாமல் அழுத்தி, சர்க்யூட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்குவது.